பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கு எத்தகைய பயிற்சி தேவை?

கேள்வி (பண்ருட்டி வட்டாரம்):
எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு 2024இல் என்னைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். குழுவின் 24 பேரில் பெரும்பாலோர் பெற்றோர். அவர்களில் பலர் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவர்கள். ஒருநாள் பயிற்சியில் கருத்தாளர் சட்டப் பிரிவுகளை வாசித்தார், தேநீர் வந்தது, வருகைத்தாளில் கையெழுத்திட்டுத் திரும்பினோம். அதன்பின் மாதக் கூட்டங்களில், முன்னரே எழுதி முடித்த தீர்மானப் பதிவேட்டைத்தான் எங்கள் முன் வைக்கிறார்கள். பிள்ளைகளின் படிப்பைப் பற்றி நாங்கள் என்ன கேட்கலாம்? அதை எங்கே கற்பது?

பதில் 1 (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கடலூர்):
அம்மா, நானும் அப்படி முன்கூட்டியே எழுதிவைத்தவன்தான். ஆய்வுக்கு அலுவலர் வரும்போது பதிவேடு சரியாக இருக்க வேண்டும் என்ற அச்சமே அதற்குக் காரணம். ஆனால் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரும் பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்பதோடு நிற்காமல், பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதையும், மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதையும், மானியம் செலவாகும் விதத்தைப் பார்ப்பதையும் உங்கள் பணியாக்குகிறது. ஆகவே, அடுத்த பயிற்சியை உங்கள் பள்ளியிலேயே, ரொக்கப் பதிவேட்டையும் செலவுச் சீட்டுகளையும் மேசைமேல் விரித்துவைத்து நடத்தும்படி வட்டார வள மையத்திடம் எழுதிக் கேளுங்கள். ஒரு குழாய் மாற்றிய ரசீதைப் பார்த்து, அந்தக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்ப்பது, பத்துப் பக்கக் கையேட்டைவிட அதிகம் கற்பிக்கும்.

பதில் 2 (பாகூர், புதுச்சேரி):
ஐயா சொன்னது பணத்தைப் பற்றியது. படிப்புக்கு வருகைப் பதிவேடே போதும் என்பது என் அனுபவம். எங்கள் குழுவில் ஒரு வகுப்பின் பதிவேட்டை மாதம் முழுக்கப் பார்த்தபோது, ஒரே சிறுமி நடவு நாள்களில் மட்டும் வராதது தெரிந்தது. வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பாட்டியிடம் பேசிய பிறகு வரத் தொடங்கினாள். பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோருக்குத் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்று அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்வதால், கேட்கத் தயங்க வேண்டாம். ஆனால் எந்தக் குழந்தையையும் கூட்டத்தின் நடுவே நிறுத்தி வாசிக்கச் சொல்லாதீர்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பிற்பகல் கூட்டத்துக்கு வந்தால் எங்கள் பெண்களுக்கு அரைநாள் கூலி போய்விடுகிறது. மாலை ஐந்து மணிக்கு மாற்றுவதை முதல் பொருளாக எழுதிக் கொடுக்கப் போகிறேன். வருகைப் பதிவேட்டை இரண்டாவதாகக் கேட்பேன்.