வகுப்புக்கு முந்தின ராத்திரி ஆர் (R) நிறுவிய அனுபவம்

கோத்தகிரிக்குக் கீழே எங்கள் ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம். போன ஐப்பசியில் ஆன்லைனில் புள்ளியியல் படிப்பு ஒன்றில் சேர்ந்தேன். திங்கட்கிழமை வகுப்பு. அதற்குள் ஆர் என்கிற புள்ளியியல் மென்பொருள், ஆர் ஸ்டுடியோ, டைடிவர்ஸ் மூன்றும் கணினியில் தயாராக இருக்கவேண்டும் என்று மெயில் வந்திருந்தது. அரை மணி நேர வேலைதானே என்று ஞாயிறு சாயங்காலம் உட்கார்ந்தேன்.

முதலில் ஆர் ஸ்டுடியோவைப் போட்டேன். திறந்தால், ஆர் எங்கே என்று கேட்கிறது. கணக்குப் போடுவது ஆர். ஸ்டுடியோ அதை உட்கார்ந்து இயக்குவதற்கான மேசை. அதனால் ஆர்தான் முதலில். இரண்டுக்கும் காசு கிடையாது. (ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் இதை எழுத ஆரம்பித்தார்களாம். புதிதாகப் படிக்க வருகிற எனக்கு இது பெரிய தைரியமாக இருந்தது.)

அப்புறம்தான் சோதனை. எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வலு. அன்றைக்கு நல்ல மழை, ஜன்னல் ஓரத்தில் போனை நிறுத்தி வைத்தால்தான் ஒரு கோடு சிக்னல். டைடிவர்ஸ் என்பது ஒரே ஒரு பேக்கேஜ் (ஆரோடு சேர்க்கும் கூடுதல் கருவித் தொகுப்பு) இல்லை, பின்னாலேயே பல டஜன் இழுத்துக்கொண்டு வரும். சின்னதெல்லாம் இறங்கிவிட்டது. ஸ்ட்ரிஞ்சி என்று ஒன்று, மற்றதைவிடப் பெரிது, பாதியில் நின்று சிவப்பு எழுத்தில் '60 செகண்ட்ஸ்' என்று ஏதோ சொன்னது. மூன்று தடவையும் அதே இடம். நெட் போய்விட்டது என்றே நினைத்தேன்.

நெட் போகவில்லை. ஒரு கோப்பு 60 விநாடிக்குள் இறங்காவிட்டால் ஆர் தானே கைவிட்டுவிடும், அது அதன் இயல்பான அமைப்பு. ஆப்ஷன்ஸ் கட்டளையில் டைம்அவுட்டை, அதாவது காத்திருக்கும் நேரத்தை, 600 விநாடி என்று மாற்றினேன்: options(timeout = 600). பத்து மணிக்கு முடிந்தது. மலையில் இருக்கிறவர்கள் இதை முதல் வேலையாகச் செய்துவிடுங்கள், அதுவும் ஒரு வாரம் முன்னாடியே.

சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, ஆரிலேயே இருக்கும் ஐரிஸ் பூக்கள் தரவுக்குச் சம்மரி (சுருக்கக் கணக்கு) கேட்டேன். மூன்று வகை, வகைக்கு 50, மொத்தம் 150 பூ. திரையில் வந்தபோது அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பசுந்தேயிலை எடை எழுதும் நோட்டை எடுத்து வந்து, "இதையும் போட முடியுமா?" என்றார். எடையை ஒரு கோப்பில் ஏற்றிவிட்டு உட்கார்ந்தால், அந்தக் கோப்பை ஆரில் திறக்கவே முடியவில்லை, அந்த வேலை இன்னும் அப்படியே நிற்கிறது.

——

கூடலூரிலிருந்து:

அக்கா, கோப்பு இருக்கும் பாதையை விண்டோஸில் இருந்து அப்படியே காப்பி பண்ணி ஒட்டினீர்களா? அதில் வரும் சாய்கோடு இடப்பக்கம் சாய்ந்தது (\). ஆர் அதற்கு வேறு அர்த்தம் வைத்திருக்கிறது. பாதையில் 'யூசர்ஸ்' (Users) என்று வரும் இடத்திலேயே பிழை காட்டும். கோட்டை வலப்பக்கம் சாய்த்துப் (/) போடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொன்றையும் இரட்டையாக்குங்கள். எனக்கு இதில் ஒரு முழு நாள் போனது.

——

கோத்தகிரியிலிருந்து:

அதேதான் தம்பி! 'யூசர்ஸ்' பக்கத்தில்தான் நின்றது. கோட்டைத் திருப்பினேன், பன்னிரண்டு மாத எடையும் வந்துவிட்டது. அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.