எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டதும் ஆர்பிஎம் முள் துள்ளுகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி (பழையவண்டி66):
வணக்கம் நண்பர்களே. 1966 எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), 4 சிலிண்டர். முன்பே நெகட்டிவ் எர்த்துக்கு (பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியில் சேரும் முறை) மாற்றிய வண்டி. ஸ்பார்க் தரும் காயிலின் கரண்டைத் திறந்து மூடி வெட்டும் பாயிண்ட், அதோடு இருக்கும் கண்டன்சர் இரண்டையும் கழற்றிவிட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உட்காரும் மேக்னடிக் மாட்யூல் போட்டேன். ஸ்டார்ட்டிங் அருமை, இழுவையும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஆர்பிஎம் மீட்டர் ஐட்லிங்கில் மட்டும் ஒழுங்காகக் காட்டுகிறது. 2500 தாண்டியதும் முள் 3000க்கும் 5000க்கும் நடுவே ஆடுகிறது. பாயிண்ட் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. கிட் விற்றவர் "மீட்டர் போயிருக்கும், புதுசு வாங்குங்க" என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

நட்டுபோல்ட்:
மீட்டரின் எர்த் வயரைச் சுரண்டி மாட்டிப் பாருங்கள். பாதி கேஸ் அதில்தான் முடியும்.

காயில்காரன்:
எர்த் பார்ப்பது நல்லதுதான். அதற்கு முன், டயலின் அடியில் பொடி எழுத்தில் ஆர்விஐ என்று இருக்கிறதா, ஆர்விசி என்று இருக்கிறதா? அது தெரியாமல் யார் எது சொன்னாலும் குருட்டு யோசனைதான்.

பழையவண்டி66:
எர்த் சுத்தம் செய்தேன், மாற்றமில்லை. ஆர்விஐ என்று இருக்கிறது. பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் கட்டை, வெள்ளை வயர் அதில் ஒரு சுற்றுச் சுற்றிப் போகிறது.

காயில்காரன்:
சரி, அப்படியானால் புது மீட்டர் வேண்டாம். ஆர்விசி வகை காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து வோல்டேஜ் துடிப்பை எடுத்து எண்ணும். உங்களுடையது அப்படியில்லை. இக்னிஷன் சுவிட்சிலிருந்து காயிலுக்குப் போகும் கரண்டே அந்த வெள்ளை வயர் வழியாகத்தான் ஓடுகிறது. கரண்ட் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் கட்டைக்குள் இருக்கும் இரும்புக் கோர் அதை உணர்ந்து மீட்டருக்குச் சொல்கிறது. பாயிண்ட் திறந்து மூடும் விதத்துக்கு அளவெடுத்துச் செய்த மீட்டர் அது. மாட்யூல் கரண்டை வெட்டும் வேகமும் வடிவமும் வேறு. அதனால் ஒரே ஸ்பார்க்கை மீட்டர் இரண்டாக எண்ணிவிடுகிறது.

முதலில் மாட்யூலின் சிவப்பு வயர் எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். காயில் பாசிட்டிவில் இருந்தால் மாட்யூல் குடிக்கும் கரண்டும் மீட்டர் வழியாகத்தான் வருகிறது. அதைக் கழற்றி, கரண்ட் மீட்டருக்குள் போகும் முன்பே, சுவிட்ச் போட்டால் மட்டும் உயிர் வரும் முனையில் மாட்டுங்கள். பேலஸ்ட் (காயிலுக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்கும் ரெசிஸ்டர்) உள்ள வண்டிகளிலும் இப்படிச் செய்தால் மாட்யூலுக்கு முழு 12 வோல்ட் கிடைக்கும்.

அப்புறமும் துள்ளினால் சுற்றைக் குறையுங்கள். வயர் கோர் வழியாக ஒரே தடவை நேராகப் போனால் சிக்னல் பலம் குறையும், இரட்டை எண்ணிக்கை நிற்கலாம். முள் எழவே இல்லை என்பவர்கள் இதற்கு நேர்மாறாக ஒரு சுற்றுக் கூட்ட வேண்டும். வயர் நுழையும் திசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். திசை மாறினால் மீட்டர் சரியாக வேலை செய்யாது. பேட்டரி கழற்றிவிட்டு வேலை பாருங்கள்.

ஆறுசிலிண்டர்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே வகை மீட்டர், ஆனால் சிடிஐ பாக்ஸ் (கெபாசிட்டர் மூலம் ஸ்பார்க் தரும் இக்னிஷன்) போட்டதும் முள் அசையவே இல்லை. ஒரு சுற்றுக் கூட்டினால் போதுமா?

காயில்காரன்:
போதாது. சிடிஐ பாக்ஸ் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் எடுத்து, உள்ளே கெபாசிட்டரில் சேர்த்துக் காயிலுக்குக் கொட்டுகிறது. உங்கள் வெள்ளை வயரில் இப்போது காயில் கரண்டே ஓடவில்லை. மீட்டர் எதை எண்ணும்? அதற்கென்று அடாப்டர் வேண்டும், இல்லையென்றால் மீட்டருக்குள் வோல்டேஜ் துடிப்பை எண்ணும் போர்டு வைத்து மாற்ற வேண்டும்.

நட்டுபோல்ட்:
பிளக் வயர் செம்புக் கம்பி வகையா? மின் இரைச்சலை அடக்கும் சப்ரஷன் வயராக மாற்றுங்கள். எலக்ட்ரானிக் மாட்யூலுக்கு அது எப்படியும் தேவை.

பழையவண்டி66:
பிளக் வயர் முன்பே சப்ரஷன் வகைதான். சிவப்பு வயரை இடம் மாற்றியதும் ஆட்டம் பாதியாகக் குறைந்தது. சுற்றை எடுத்ததும் முள் துள்ளுவது நின்றுவிட்டது! இப்போது 5000 வரை சீராக ஏறுகிறது. ஆனால் எஞ்சின் உண்மையில் 3000 சுற்றும்போது மீட்டர் 2800 காட்டுகிறது என்று சந்தேகம். எப்படிச் சரிபார்ப்பது?

காயில்காரன்:
ஆர்பிஎம் காட்டும் டைமிங் லைட் இருந்தால் பிளக் வயரில் மாட்டிப் பாருங்கள், அதுதான் பாதுகாப்பு. காயில் நெகட்டிவில் சாதாரண மல்டிமீட்டரை வைக்காதீர்கள். ஸ்பார்க் விழும் நொடியில் அங்கே சில நூறு வோல்ட் எகிறும். அதைத் தாங்கும் மல்டிமீட்டர் என்றால் ஹெர்ட்ஸில் வைத்து வரும் எண்ணை 30ஆல் பெருக்குங்கள். 4 சிலிண்டருக்கு எஞ்சினின் ஒரு சுற்றுக்கு 2 ஸ்பார்க், ஆக 3000 ஆர்பிஎம்முக்கு 100 ஹெர்ட்ஸ். 6 சிலிண்டருக்கு 20ஆல் பெருக்கினால் போதும்.

வித்தியாசம் உறுதியானால் மீட்டரின் பின்புறம் சிறு துளைக்குள் திருகும் அட்ஜஸ்ட்மென்ட் இருக்கும். இத்தனை வருஷம் அசையாமல் கிடந்த பொருள் அது, மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். ஐட்லிங்கில் வைத்துச் சரிசெய்யாமல், 3000இல் வைத்துச் செய்யுங்கள்.