இரவில் தஞ்சாவூரைத் தாண்டாதே

குழு: கீழ்வேளூர் வீடு
செப்டம்பர் 5

செந்தில் (கோவை): நாளை சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்புகிறோம் மாமா. இரவு ஒன்றரை வாக்கில் வீட்டில் இருப்போம். 83ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் நேராக வந்துவிடலாமா?

மாமா: அது பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் என்று சுற்றும் மாப்பிள்ளை. பழைய 67தான் கரூர் வழியாகத் திருச்சிக்கு வந்தது. நீ கரூர் வழியாகவே வா, திருச்சியிலிருந்து நாகை வரைக்கும் 83தான். ஆனால் இரவில் தஞ்சாவூரைத் தாண்டாதே.

செந்தில் (கோவை): நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்காகவா?

மாமா: கேட் போட்டால் உட்கார்ந்திருக்கலாம், அதில் ஒன்றும் இல்லை. நடந்து போகிறவர்களை நினைத்துச் சொல்கிறேன். 29ஆம் தேதி கொடியேறியதிலிருந்து வேளாங்கண்ணிக்குச் சாரிசாரியாகப் போகிறார்கள். 8ஆம் தேதி திருவிழா. வெயிலுக்குப் பயந்து ராத்திரியில்தான் நடக்கிறார்கள்.

அத்தை: நேற்று வாசலில் மோர் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் வயசு இருக்கும் ஒரு அம்மா, திண்ணையில் உட்கார்ந்து காலில் சுற்றிய துணியை அவிழ்த்தார். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்டா. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். கழுவிக்கொண்டு, மறுபடியும் அதே துணியைச் சுற்றிக்கொண்டு எழுந்துவிட்டார்.

கவிதா: சப்பரத்தில்தான் டியூப் லைட் கட்டியிருப்பார்களே அப்பா, தூரத்திலேயே தெரியுமே?

மாமா: சப்பரம் தெரியும் கண்ணு. கால் வலித்துப் பின்தங்கிய நாலு பேர் தெரியமாட்டார்கள். போன வருஷம் கோவில்வெண்ணி தாண்டி பைக்கில் வந்தேன். எதிரே நெல் லாரி, வெளிச்சம் கண்ணில் அடித்தது. லாரி போனதும் பார்க்கிறேன், பத்தடி முன்னால் காவித் துண்டு போட்ட ஒரு பையன், செருப்பைக் கையில் பிடித்தபடி நடக்கிறான். பிரேக் சத்தத்துக்குக்கூடத் திரும்பவில்லை. தூக்கத்திலேயே நடந்திருக்கிறான். அந்த முதுகு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

கவிதா: அம்மாடி. இதை நீங்கள் சொல்லவே இல்லையே.

மாமா: இன்னொன்று. குறுவை அறுவடை தொடங்கிவிட்டது. களம் இல்லாதவர்கள் பாவம், ரோட்டோரத்தில்தான் நெல்லைக் காயப்போடுகிறார்கள். பொழுது சாய்ந்ததும் குவித்துத் தார்ப்பாய் மூடிக் கல்லை வைத்துவிடுவார்கள். இருட்டில் கிட்டே போனால்தான் தெரியும். ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் ஆட்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேண்டாம்.

செந்தில் (கோவை): சரி மாமா. தஞ்சாவூரில் லாட்ஜ் போட்டுவிட்டு விடிந்ததும் கிளம்புகிறேன்.

அத்தை: லாட்ஜ் எதற்கு? மெடிக்கல் காலேஜ் ரோட்டில் பெரியக்கா வீடு எதற்கு இருக்கிறது? இப்போதே போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி தோசை ஊற்றச் சொல்கிறேன்.

கவிதா: செந்தில், வரும்போது தஞ்சாவூரில் வாகனங்களுக்கு ஒட்டும் ஒளிரும் ஸ்டிக்கர் நாலைந்து ரோல் வாங்கி வா. மோர் குடிக்க நிற்கும்போது அவர்கள் பையில் ஒட்டிவிடலாம். நானும் அப்பாவும் ராத்திரி வாசலிலேயே இருக்கிறோம்.

செந்தில் (கோவை): பத்து ரோலாகவே வாங்கி வருகிறேன் அக்கா.

அத்தை: அப்படியே கட்டுத்துணியும் வாங்கிக்கொள்ளடா. இங்கே கடையில் தீர்ந்துவிட்டது.