காயில் என்பது சுருளா, திரிக்கூடா? – ஒரு கலைச்சொல் முன்மொழிவு

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

பிரிட்டன் வாழ் தமிழருக்காக ஆவிப்புகைக் கருவி (வேப்) ஒன்றின் பயன்பாட்டுக் குறிப்பேட்டை மொழிபெயர்க்கும்போது, அதில் காயில் எனப்படும் மாற்று உறுப்புக்குப் புதுச்சொல் வேண்டுமா என்று எழுந்த ஐயத்தைச் சென்ற மடலில் முன்வைத்திருந்தேன். அங்கே ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகளின் விற்பனை 2025 ஜூன் 1 முதல் தடை செய்யப்பட்டதால், கரைசலை நிரப்பி, தேய்ந்த உறுப்பை மாற்றிக்கொள்ளும் கருவிகளே பேச்சாகிவிட்டன. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றின் உற்பத்தி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடுத்துள்ளது. ஆகவே தருமபுரியில் இருந்து எழுதும் நான் இக்கருவியைக் கையில் பிடித்தவன் அல்லன், வரைபடங்களைப் பார்த்தே எழுதுகிறேன்.

> காயில் என்பதற்குச் சுருள் என்ற சொல் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

அம்மடலுக்கு மறுமொழியாக ஐயா ஒருவர் எழுப்பிய இந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் இங்கே மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் போய் நின்றால், எரிந்த மோட்டாரைப் பிரித்ததும் மூக்கைத் துளைக்கும் வார்னிஷ் வாடையும், கருத்துப்போன செம்புக் கம்பியும், "காயில் வெந்து போச்சுங்க" என்ற தீர்ப்பும் ஒன்றாக வரும். அங்கே வெந்தது காயிலேதான். கம்பியின் மேற்பூச்சு கருகிச் சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டுவிட்டன. ஆவிப்புகைக் கருவியில் காயில் என்று விற்கப்படுவதோ விரல்நுனி அளவிலான ஓர் உலோகக் கூடு. அதன் நடுவே சூடேறும் கம்பி, கம்பியை ஒட்டிப் பஞ்சு, கூட்டின் பக்கவாட்டில் கரைசல் நுழையச் சிறு துளைகள். கருகிய வாடை வரும்போது பெரும்பாலும் கம்பிக்கு ஒன்றும் நேர்ந்திருக்காது, கருகியது பஞ்சுதான். "சுருள் கருகினால் மாற்றவும்" என்று நான் எழுதினால், படிப்பவர் கம்பியில் குறை தேடுவார். கரைசல் பஞ்சுக்கு வந்து சேரவில்லை என்ற உண்மைக் காரணம் அவர் கண்ணில் படாது.

எனவே முழு உறுப்புக்குத் திரிக்கூடு, அதனுள் இருக்கும் கம்பிக்குச் சுருள், பஞ்சுக்குத் திரி என்று மூன்றாகப் பிரிக்க விரும்புகிறேன். அம்மையார் ஒருவர் பரிந்துரைத்த "சூடாக்கித் தலை" எனக்கு ஒப்பவில்லை. அது ஆங்கிலத் தலையைத் தமிழ் உடலில் ஒட்டியதாகவே படுகிறது.

திரி என்று ஒப்புக்கொண்டுவிட்டால், அடுத்த சொற்கள் தாமாகவே வந்துவிடுகின்றன. அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலில் தேய்பிறை அட்டமியன்று சாம்பல் பூசணி விளக்கு ஏற்றுவோரைக் கவனித்திருப்பீர்கள். அவசரக்காரர் உலர்ந்த திரியை அப்படியே பற்றவைக்க, நுனி கருகி விளக்கு அணைந்துவிடும். பக்கத்தில் நிற்கும் பாட்டி, "திரி ஊறட்டும், அப்புறம் ஏத்து" என்பார். புதுத் திரிக்கூட்டைப் பொருத்தியவர் பஞ்சில் சில சொட்டு விட்டு, கரைசல் கலத்தை நிரப்பி, ஐந்து பத்து நிமிடம் பொறுக்க வேண்டும் என்று குறிப்பேடு சொல்வதும் அதே செய்திதான். ஆகவே முதற்பணியை "ஊறவைத்தல்" என்றும், திரி வழியாகக் கரைசல் ஏறுவதை "ஊறல்" என்றும் சொல்லலாம். நுண்புழை ஏற்றம் இயற்பியல் பாடத்தில் இருக்கட்டும். ஊறாத திரியைச் சூடாக்கி இழுத்தால் தொண்டையைக் கமறச் செய்யும் அந்த இழுப்புக்கு, வறட்டிருமலை ஒட்டி, "வறட்டிழுப்பு" என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

இனிக் கரைசல். ஆங்கிலத்தில் இ-லிக்விட் எனப்படும் இதை "மின்நீர்மம்" என்று சிலர் எழுதுகிறார்கள், அது ஆபத்தான சொல். மின்கலத்துக்கு உள்ளே இருக்கும் மின்பகுளியோடு அது குழம்பும். இக்கருவியிலோ மின்கலமும் கரைசலும் அருகருகே இருப்பவை. உள்ளே இருப்பது புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், மணப்பொருள், பெரும்பாலும் நிக்கோட்டினும் கலந்த கரைசல் என்பதால் "ஆவிக்கரைசல்" பொருந்தும். கிளிசரின் கெட்டி, புரொப்பிலீன் கிளைக்கால் நீர்த்தது. 1.2 ஓம் மின்தடை கொண்ட திரிக்கூட்டுக்கு 3.7 வோல்ட்டில் ஏறத்தாழ 11 வாட்தான் கிடைக்கும், அதன் துளைகளும் சிறியவை. அதில் கிளிசரின் மிகுந்த கரைசலை ஊற்றினால் ஊறல் பின்தங்கி வறட்டிழுப்பு வரும், ஆகவே சரிபாதிக் கலவை ஏற்றது. 0.3 ஓம் என்றால் அதே வோல்ட்டில் 45 வாட்டுக்கு மேல். பெரிய துளைகள் கொண்ட அதற்குக் கிளிசரின் 70 விழுக்காடு உள்ள கெட்டிக் கரைசல் பொருந்தும், நீர்த்ததை ஊற்றினால் கசியும். இந்த இணைப்பைப் படிப்பவர் பிடித்துக்கொள்ள வேண்டுமானால், "பாகுநிலை மிகுந்த" என்பதைவிடக் "கெட்டியான" என்ற சொல்லே உதவும்.

ஒரு சொல் மட்டும் இன்னும் அமையவில்லை. இனிப்பூட்டி மிகுந்த கரைசல் சுருளின்மேல் கருநிறப் பிசுக்காகப் படிந்து சுவையைக் கெடுக்கிறது. பாலக்கோடு பக்கம் வெல்லம் காய்ச்சுபவர்கள் கொப்பரையில் பாகு "அடிப்பிடிச்சிடுச்சு" என்பார்கள். சுருளுக்கு அடி என்று ஒன்று இல்லை என்பதால் "அடிப்பிடிப்பு" என்று எழுதத் தயங்குகிறேன். "கரிப்பிசுக்கு" என்பது பொருளைச் சொல்கிறது, நிகழ்வைச் சொல்லவில்லை. இரண்டில் எது, அல்லது மூன்றாவதாக ஒன்று உண்டா என்று அன்பர்கள் எழுதினால், அந்தப் பக்கத்தை முடித்துவிடுவேன்.