கானாவோட கேப் கோஸ்ட் ட்வார்ஃப்ஸ் ஃபுட்பால் கிளப் ரசிகர் யாரையாவது நேர்ல சந்திச்சிருக்கீங்களா?

தேமா_குமார்:
கானா ஃபுட்பால்னாலே எல்லாரும் ஹார்ட்ஸ், கொட்டோக்கோன்னு பெரிய கிளப்பாவே ஆரம்பிச்சுடுறீங்க. எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கறது ட்வார்ஃப்ஸ் ரசிகர் ஒருத்தர். தேமா துறைமுகத்துல வேலை பார்த்தப்போ லீவுல கேப் கோஸ்ட் கோட்டை பார்க்கப் போனேன். அன்னைக்கு செவ்வாய். அந்தக் கரையில செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போறதில்லை, எல்லாரும் வலை சரி பண்ணிட்டு உட்கார்ந்திருந்தாங்க. ஒரு பெரியவர் எங்கிருந்து வர்றேன்னு கேட்டார். தேமான்னேன். கையில இருந்த ஊசி நின்னுடுச்சு. "எங்க ராபர்ட்டைக் குத்தின ஊரு"ன்னார்.

கோல்கீப்பர் ராபர்ட் மென்சா, 1971, தேமாவுல பார்ல தகராறு, உடைஞ்ச பாட்டில்ல குத்து. தெரிஞ்ச கதைதானே. அப்புறம் பெரியவர் எழுந்து ரெண்டு படகுக்கு நடுவுல போய் நின்னார். ராபர்ட் மாதிரியே, தலையில இல்லாத தொப்பியை ரெண்டு கையாலயும் இழுத்து விட்டுக்கிட்டு, முழங்காலை மடக்கி, என்னையே முறைச்சுப் பார்த்தார். பந்தும் இல்லை, ஒண்ணும் இல்லை. நான் என்னவோ பெனால்டி அடிக்கப் போற மாதிரி ரெண்டடி பின்னால போயிட்டேன். நான் குத்தலையே பெரியவரேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு.

கொட்டோக்கோ_வெறியன்:
நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தத் தொப்பியும் பெனால்டியும் எங்க கொட்டோக்கோ கணக்கு பாஸ். 1971 ஜனவரி, கின்ஷாசா, ஆப்பிரிக்க கிளப் கோப்பை இறுதி ஆட்டம். எங்க ஊரு குமாசியில 1-1, அங்க போய் 2-1 ஜெயிச்சோம். எதிர்ல ஆடின காங்கோ கிளப் எங்கல்பேர்காரன் பெனால்டியைக் கம்பத்துக்கு மேல அடிச்சான்னு இன்னைக்கும் குமாசியில ஆளாளுக்கு நடிச்சுக் காட்டுவாங்க. தொப்பியில மந்திரம்னு ஒரு கூட்டம். அப்போ ராபர்ட் போட்டிருந்தது கொட்டோக்கோ சட்டை. ட்வார்ஃப்ஸுக்குன்னு இருக்கற லீக் பட்டம் 1966-ல ஒண்ணுதான். அதுவும் அதிபர் நிக்ரூமா ஆட்சி கவிழ்ந்து, அவர் உருவாக்கின ரியல் ரிபப்ளிகன்ஸ் அணி கலைஞ்ச வருஷம்.

பாதிமைதானம்:
"அதுவும்"னா என்ன அர்த்தம்? 1961-ல ரிபப்ளிகன்ஸ் ஆரம்பிச்சப்போ ஒவ்வொரு கிளப்புலயும் ரெண்டு நல்ல ஆளைத் தூக்கினாங்க. கலைஞ்சப்போ எல்லா கிளப்புக்கும்தான் வழி திறந்துச்சு. உங்க கொட்டோக்கோவும் அதே லீக்லதானே ஆடுச்சு, ஜெயிச்சிருக்க வேண்டியதுதானே? ராபர்ட் கேப் கோஸ்ட்டுல பிறந்த பையன், ட்வார்ஃப்ஸ்ல ஆடினவர். சிவ்டு பார்க் மைதானத்துக்கு அவர் பேரை வெச்சது அந்த ஊரு. குமாசி இல்லை.

என் அனுபவம் சின்னதுதான். 2021-ல ட்வார்ஃப்ஸ் கீழ் டிவிஷனுக்கு இறங்கினது உறுதியான அன்னைக்கு ட்ரோ-ட்ரோவுல (ஷேர் வேன்) இருந்தேன். ரேடியோவுல சொன்னதும் டிரைவர் ஒரு வார்த்தை பேசலை. காசு வாங்கிட்டிருந்த மேட் பையன் மட்டும் எட்டி வந்து ரேடியோவை அணைச்சான். பின் சீட்டுல ஒருத்தன் சிரிச்சதுக்கு, வழியிலயே இறங்கிக்கோன்னுட்டான். மைக்கேல் எசியன் வளர்ந்த லிபர்ட்டி கிளப்பும் அதே சீசன்ல இறங்குச்சு, அதுக்கு ஒருத்தனும் ரேடியோவை அணைச்சதா தெரியலை.

கோல்கீப்பர்_மணி:
நான் ட்வார்ஃப்ஸ் ரசிகர் யாரையும் பார்த்ததில்லை, அக்ராவுல ஒரு வாட்ச்மேன் நண்டு படம் போட்ட பனியனோட இருந்தார், அவ்வளவுதான். (நண்டு கேப் கோஸ்ட் ஊர்ச் சின்னம், அங்க கொட்டோக்குராபா மார்க்கெட் பக்கம் போனா புரியும்.) ஆனா தொப்பி விஷயம் சொல்றேன். மந்திரமெல்லாம் ஒண்ணும் கிடையாது. பெனால்டி அடிக்க வர்றவன் ஒரு மூலையை முடிவு பண்ணிட்டுத்தான் வருவான். அவன் பந்தை வெச்சு நிமிர்றப்போ நீங்க தொப்பியைத் தொட்டாலோ, கையுறையை இறுக்கினாலோ கண்ணு இங்க வரும். முடிவு ஆடிப் போயிடும். ஓடி வர்றப்போ மாத்தினா ஒண்ணு கீப்பர் கைக்கு வரும், இல்லைன்னா மேல பறக்கும். நம்ம பசங்க இதைச் செய்யவே மாட்டேங்குறாங்க, விசில் அடிக்கறதுக்கு முன்னாடியே ஒரு பக்கம் சாய்ஞ்சுடுறாங்க. கோட்டுல ஒரு காலாவது இருக்கணும். இடுப்பைப் பார்க்காதீங்க, ஊன்றுற காலைப் பாருங்க, அது எந்தப் பக்கம் திரும்புதோ பெரும்பாலும் பந்தும் அங்கதான். மழையில ஆடுறப்போ தொப்பி வேண்டாம், தண்ணி சொட்டி கண்ணை மறைக்கும்.

தேமா_குமார்:
மணி அண்ணே, நான் கோச்சிங் கேட்கலையே. கொட்டோக்கோ தம்பி, அடுத்த தடவை நீங்களே கேப் கோஸ்ட் போய் அந்தப் பெரியவர்கிட்ட "எங்க கணக்கு"ன்னு சொல்லிப் பாருங்க. தேமான்னு மட்டும் சொல்லிடாதீங்க.