தொலைபேசியில் பான், ஜிஎஸ்டி எண்களைக் கேட்டு எழுதும்போது எழுத்துகள் மாறுகின்றன: எந்தச் சொல் பட்டியலைப் பின்பற்றலாம்?

கேட்பவர்: ஈரோட்டுக் கணக்கர்

வணக்கம். வரி ஆலோசகர் அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறேன். எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் நூல், ஜவுளி வியாபாரிகள். பான், ஜிஎஸ்டி எண், வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீடு ஆகியவற்றைத் தொலைபேசியிலேயே சொல்லிவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் வயதில் பெரியவர்கள் பலர் தயங்குகிறார்கள். எம், என் இரண்டும், எஃப், எஸ் இரண்டும் அடிக்கடி இடம் மாறுகின்றன. ‘பி’யும் ‘டி’யும் இன்னும் மோசம். நான் இங்கே ‘பி’ என்று எழுதினால் அது ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தா, பதினாறாம் எழுத்தா என்பது உங்களுக்கே தெரியாது. எங்கள் குறிப்பேட்டிலும் இதே நிலைதான். ‘டி ஃபார் துரை’, ‘எஸ் ஃபார் சிவா’ என்று ஆளுக்கொரு சொல்லைப் பயன்படுத்துவதால் குழப்பம் தீரவில்லை. அலுவலகம் முழுவதற்கும் பொதுவான பட்டியல் ஒன்றைப் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

பதில்: வானொலி ஆர்வலர்

புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. விமானிகளும் கப்பல்களும் எங்களைப் போன்ற அமெச்சூர் வானொலிக்காரர்களும் பயன்படுத்தும் ‘ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா’ பட்டியலே போதுமானது. பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, மாண்ட்ரியல் பல்கலைக்கழக மொழியியலாளர் ழான்-பால் வினேயின் உதவியோடு இதனை உருவாக்கியது. 1951இல் வந்த முதல் வடிவத்தில் ‘நெக்டர்’ என்ற சொல் ‘விக்டர்’ போலவும், ‘எக்ஸ்ட்ரா’ என்ற சொல் ‘டெல்டா’ போலவும் காதில் விழுந்ததால், அவற்றை நீக்கி ‘நவம்பர்’, ‘எக்ஸ்-ரே’ ஆகியவற்றைச் சேர்த்தார்கள். இன்றைய வடிவம் 1956 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதலெழுத்து சரியாக இருந்தால் மட்டும் போதாது, ஒரு சொல் பட்டியலிலுள்ள மற்ற எல்லாச் சொற்களிலிருந்தும் முழுமையாக வேறுபட்டு ஒலிக்க வேண்டும் என்பதே அந்தத் திருத்தத்தின் அடிப்படை.

எஃப், எஸ் குழப்பத்துக்கு உங்கள் காது காரணமன்று. பழைய தொலைபேசி இணைப்புகள் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்துகின்றன. அவ்விரு எழுத்துகளையும் பிரித்துக் காட்டும் சீறலொலியின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது.

பதில்: ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

மேலே எழுதிய நண்பரின் பட்டியல், இரு முனையிலும் அதை அறிந்தவர்கள் இருந்தால் மட்டுமே பயன் தரும். பயிற்சி இல்லாத ஒருவரிடம் ‘கெபெக்’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் கியூவுக்குப் பதிலாக ‘கே’ என்றுதான் எழுதுவார். ஜேவுக்கான ‘ஜூலியட்’, இசட்டுக்கான ‘ஜூலு’ இரண்டும் தமிழ்க் காதுக்கு ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. வி, டபிள்யூ எழுத்துகளுக்கான ‘விக்டர்’, ‘விஸ்கி’ நிலையும் அப்படியே (காலை நேரத்தில் ஒரு ஜவுளிக்கடை முதலாளியிடம் விஸ்கி என்று உரக்கச் சொல்ல எத்தனை பேர் துணிவார்கள் என்பது தனிக்கதை).

எங்கள் கிளையில் ஊர்ப் பெயர்களே கைகொடுத்தன. ஜெர்மனியிலும் 2022இல் அலுவலகப் பயன்பாட்டுக்கான தரப் பட்டியலை நகரப் பெயர்களுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆட்பெயர்களை அறவே தவிர்த்துவிடுங்கள். நம்மவர்கள் துரையையும் தனத்தையும் கணேசனையும் ஆளுக்கொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். ரயில் நிலையப் பலகையில் எல்லோரும் ஆங்கிலத்தில் பார்த்துப் பழகிய ஊர்கள் நல்லவை: பெங்களூர், பாண்டிச்சேரி, டெல்லி, திருச்சி, மதுரை, நெல்லூர், சேலம், ஃபரிதாபாத். இரட்டைப் பெயர் உள்ள ஊர்களில் மட்டும் கவனம் தேவை. கோவை என்றால் ‘கே’யா ‘சி’யா என்ற சந்தேகம் உங்கள் பகுதியிலேயே எழும், கல்கத்தாவும் பம்பாயும் பெயர் மாறிவிட்டதால் அவையும் ஆகாது. பெங்களூரும் பாண்டிச்சேரியும் பெயர் மாறியும் முதலெழுத்து மாறாதவை. இசட், டபிள்யூ போன்றவற்றுக்கு எழுத்தின் பெயரே தெளிவாக இருப்பதால் ஊர் தேட வேண்டியதில்லை.

அதைவிட முக்கியமானது, நீங்கள் எழுதியதை நீங்களே அதே ஊர்ப் பெயர்களோடு திருப்பிப் படித்துக் காட்டுவது. சொல்பவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினாலும் அந்த இடத்தில் பிழை வெளிப்பட்டுவிடும். அவருக்குப் பட்டியலைக் கற்பிக்க வேண்டிய சிரமமும் இல்லை.

பதில்: ஜிஎஸ்டி பயிற்றுநர்

எண்ணின் அமைப்பையும் துணையாகக் கொள்ளுங்கள். பான் எண்ணின் நான்காம் எழுத்து தனிநபருக்குப் பாண்டிச்சேரியின் ‘பி’, கம்பெனிக்குச் சென்னையின் ‘சி’, கூட்டு நிறுவனத்துக்கு ஃபரிதாபாத்தின் ‘எஃப்’ என்று வரையறுக்கப்பட்டிருப்பதால் அங்கே ஊகத்துக்கு இடமில்லை. ஐஎஃப்எஸ்சி குறியீட்டின் ஐந்தாம் இடம் எப்போதும் பூஜ்யமே. வாடிக்கையாளர் ‘ஓ’ என்று சொன்னாலும் நீங்கள் பூஜ்யமே எழுத வேண்டும். பதினைந்து இடங்கள் கொண்ட ஜிஎஸ்டி எண்ணில் தமிழ்நாட்டுக்கு உரிய 33க்குப் பிறகு வரும் பத்தும் பான் எண்தான். ஆகவே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கடைசி எழுத்து சரிபார்ப்புக்கானது என்பதால், ஓரெழுத்து பிசகினாலும் ஜிஎஸ்டி இணையதளத் தேடலில் அந்த எண் செல்லாது என்று தெரிந்துவிடும்.

கேட்பவர்: ஈரோட்டுக் கணக்கர்

அனைவருக்கும் நன்றி. ஊர்ப் பட்டியலை அச்சிட்டு மேசைதோறும் ஒட்டிவிட்டோம். திருப்பிப் படிப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறோம். இலக்கங்களை ஆங்கிலத்தில் சொல்வதா, தமிழில் சொல்வதா?

பதில்: வானொலி ஆர்வலர்

தமிழிலேயே சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ‘ஃபைவ்’, ‘நைன்’ இரண்டும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்பதால்தான் விமானிகள் ‘நைனர்’ என்று நீட்டுகிறார்கள்; ஐந்துக்கும் ஒன்பதுக்கும் அந்தச் சிக்கல் கிடையாது. ‘ஏழு’ என்பதன் கடைசி அசை அடங்கிப்போனால் ‘ஏ’ என்று கேட்க வாய்ப்புண்டு. ஆகவே அந்த எழுத்துக்கு மட்டும் தவறாமல் ‘ஆக்ரா’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்.