நர்சிங் மாணவர்களின் பரிவுணர்வு: எந்த அளவுகோல் சரிவரும்?
வணக்கம். நர்சிங் மாணவர்களிடம் பரிவுணர்வு எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்பதுதான் என் முதுகலை ஆய்வுத் தலைப்பு. ஜெஃபர்சன் அளவுகோலா (20 கேள்விகள், மதிப்பெண் 20 முதல் 140 வரை), டேவிஸின் 28 கேள்விப் பட்டியலா என்று குழப்பம். இரண்டாவதில், அடுத்தவர் நிலையில் நின்று பார்ப்பது தனியாகவும், பிறர் துயரம் கண்டு தானே பதறிப்போவது தனியாகவும் வருகிறது. வார்டில் முதல் மரணத்தைப் பார்த்து உறைந்துபோனவள் நான்; அதனாலோ என்னவோ, இந்தப் பிரிப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வயது, பாலினம், படிக்கும் ஆண்டு, விரும்பிச் சேர்ந்தாரா, வீட்டில் நோயாளியைக் கவனித்த அனுபவம், தூக்கம் என எல்லாவற்றையும் காரணிகளாக ஆய்வில் சேர்த்துவிட்டேன். வழிகாட்டியோ "பாதியை வெட்டும்மா" என்கிறார். எதை வெட்டலாம்? இந்த அளவுகோல்களுக்குத் தமிழில் சரிபார்க்கப்பட்ட வடிவம் யாராவது பயன்படுத்தியிருந்தால் சொல்லுங்கள். வார்டு பயிற்சிக்கு முன்பும் பின்பும் அளந்தவர்கள், இடையில் விலகியவர்களின் தரவை என்ன செய்தீர்கள்?